உளியும் மாத்திரையும்: நோய்க்குப் பின் மரக்கடைசல் கற்க விரும்புவோருக்கு ஒரு பாடம்

சில மாதங்களுக்கு முன் இதயப் பிரிவின் புறநோயாளர் அறைக்குத் தம்பதியர் இருவர் வந்தனர். கணவர் பணி ஓய்வு பெற்றவர். இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு நான்கு மாதங்கள் ஆகியிருந்தன, நீரிழிவும் உண்டு. மருத்துவர் மருந்துச் சீட்டை எழுதி முடித்த வேளையில் அவர் தம் சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். வீட்டில் வைத்து மரம் கடைவதற்கான சிறிய லேத்தின் படம் அது.

“டாக்டர், இதைச் செய்யலாமா, கூடாதா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் கையில் உளியைக் கொடுக்கலாமா?” என்று மனைவி கேட்டார்.

“சும்மா உட்கார்ந்திருப்பதற்காகவா டாக்டர் என்னைப் பிழைக்க வைத்தீர்கள்?” என்று கணவர் கேட்டார்.

இரு கேள்விகளிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒரே வார்த்தையில் விடை கூற எங்களால் இயலவில்லை. இந்த வேலையில் எந்தப் பகுதியை, எப்போது, எந்த ஏற்பாட்டுடன் செய்யலாம் என்று பிரித்துக் கேட்டால்தான் சரியான விடை கிடைக்கும். அவ்வாறு பிரித்துக் காண்பதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

கடைதல் என்பது என்ன?

தயிரைக் கடைகிறோம், கீரையைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். மத்தில் கயிற்றைச் சுற்றி இரு முனைகளையும் மாறிமாறி இழுத்து மோர் கடைந்த வீடுகளை நம்மில் பலர் கண்டிருப்போம். பழைய மரக்கடைசல் பட்டறையும் அதே முறையில்தான் இயங்கியது. மரத்துண்டில் கயிற்றைச் சுற்றி ஒருவர் இழுக்க, மற்றொருவர் உளியைப் பிடித்தார். பின்னர் கயிற்றின் இடத்தை மின்மோட்டார் பிடித்துக்கொண்டது.

பிற தச்சு வேலைகளில் மரம் அசையாதிருக்கும், கருவி நகரும். கடைசலில் மரம் சுழலும். கருவி ஒரு தாங்கியின்மேல் அமைதியாக நிற்கும். ஆகவே கடைசலில் உருவாகும் பொருள்கள் யாவும் உருண்டை வடிவம் கொண்டவை. பம்பரம், சப்பாத்திக் கட்டை, மத்து, கட்டில் கால், தொட்டில் கம்பி, குங்குமச் சிமிழ் ஆகியவை நாம் அறிந்த கடைசல் பொருள்கள். திருநெல்வேலிச் சீமையின் அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான்களும் கர்நாடகத்தின் சென்னப்பட்டணத்துப் பொம்மைகளும் இவ்வாறு கடைந்தவையே. சென்னப்பட்டணத்தில் வெப்பாலை மரத்தைக் கடைந்து, அது சுழலும்போதே வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவர். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தின்மேல் படரும். பின்னர்த் தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவர்.

இது மருந்தாகுமா?

கடைசல் எந்த நோயையும் குணப்படுத்தாது என்பதை முதலிலேயே கூறிவிடுகிறோம். எனினும், கைத்தொழிலுக்கும் மருத்துவத்துக்கும் நீண்ட உறவு உண்டு. நோயாளி பொருளுள்ள ஒரு வேலையில் ஈடுபடுவது அவர் மீண்டு வர உதவும் என்ற எண்ணத்துடன் 1917 மார்ச்சில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். இன்று ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்று வழங்கும் செயல்வழிச் சிகிச்சைத் துறை அங்கிருந்து வளர்ந்தது. இந்தியாவில் 1950-ல் பம்பாயில் கமலா நிம்ப்கர் அதற்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

கடைசலில் இரு கைகளும் ஒன்றையொன்று அறிந்து இயங்க வேண்டும். ஒரு கை உளியின் முனையைத் தாங்கியோடு அணைத்திருக்கும். மற்றக் கை பிடியைச் சிறிது சிறிதாக உயர்த்தும், திருப்பும். நிற்கும் நிலை, மூச்சு, பார்வை மூன்றும் ஒன்றுபட வேண்டும். அரைமணி நேரத்தில் ஒரு கட்டை உருளையாவதைக் கண்ணால் காணலாம். பல மாதங்கள் பிறர் கையையே எதிர்பார்த்திருந்த ஒருவருக்கு, தம் கையால் ஒரு பொருளை முடித்து வைப்பது சிறிய நிகழ்ச்சி அன்று. ஆனால் கவனத்தைக் கேட்கும் வேலை என்பதாலேயே, கவனம் குன்றிய உடல்நிலையில் அது தீங்கும் செய்யும்.

உங்கள் உடல்நிலையும் லேத்தும்

*இரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்துகள்.* ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றை உட்கொள்வோருக்குச் சிறு வெட்டிலும் இரத்தம் நிற்க நேரமாகும். ஆனால் எங்களுக்கு அதைவிடப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. ‘நாளை லேத்தில் நிற்கப் போகிறோம், இன்று ஒரு மாத்திரையை விட்டுவிடுவோம்’ என்று சிலர் தாமாகவே முடிவெடுப்பதுண்டு. ஸ்டென்ட் பொருத்திய முதல் மாதங்களில் அவ்வாறு விட்டால் ஸ்டென்டினுள் இரத்தம் உறைந்து மாரடைப்பு வரக்கூடும். விரலின் வெட்டுக்குத் தையல் போடலாம். அடைபட்ட ஸ்டென்டுக்கு அத்தகைய எளிய வழி இல்லை. பொழுதுபோக்கிற்காக ஒரு வேளை மருந்தையும் தவறவிடாதீர்கள்.

*இதய அறுவைக்குப் பின்.* பிளந்து இணைத்த மார்பெலும்பு கூட வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். சிலருக்கு மூன்று மாதங்களும் ஆகலாம். அதுவரை பாரம் தூக்குதல், அழுத்தித் தள்ளுதல், இழுத்தல் ஆகியவை கூடா. லேத்தைத் தூக்கி மேசைமேல் வைப்பதும் இதில் அடங்கும். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் ஓடும் மோட்டாரின்மேல் மார்பைச் சாய்த்து நிற்கக் கூடாது. எவ்வளவு இடைவெளி தேவை என்பதை, அக்கருவியைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

*நீரிழிவு.* இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் லேத்தின் முன் நிற்கக் கூடாது. சர்க்கரை அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது நடுக்கமும் தடுமாற்றமும் வரும். சுழலும் மரத்தின் முன் அது பேராபத்து. நிற்கும் முன் அளந்து பாருங்கள். சர்க்கரையோ குளுக்கோஸோ அருகில் இருக்கட்டும். நீரிழிவாலோ கீமோதெரபியாலோ விரல்கள் மரத்துப்போனவர்களுக்கு உளி நழுவுவதும் தாள் சூடேறுவதும் தெரியாமற்போகலாம். அவர்கள் முதலில் செயல்வழிச் சிகிச்சையாளரிடம் கைகளைக் காட்ட வேண்டும்.

*பக்கவாதம்.* கை வலுவிழந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சிலருக்கு ஒரு பக்கத்துப் பார்வையோ, அந்தப் பக்கம் உண்டு என்னும் நினைவோ குறைந்திருக்கும். அதை அவர்களே உணர மாட்டார்கள். தட்டின் ஒரு பாதிச் சோற்றை மட்டும் உண்டுவிட்டு எழுபவரைக் குடும்பத்தார் கண்டிருக்கலாம். அத்தகையவர் முறையான பரிசோதனை முடியும் வரை லேத்தை நெருங்கலாகாது.

*வலிப்பு, மயக்கம், தூக்கம் தரும் மருந்துகள்.* வலிப்பு முழுமையாகக் கட்டுப்பட்டதென மருத்துவர் கூறும் வரை இயந்திரம் வேண்டாம். சளி, ஒவ்வாமை, நரம்பு வலி ஆகியவற்றுக்கான பல மருந்துகள் தூக்கம் தருபவை. புதிய மருந்து தொடங்கிய நாள்களிலும் மருந்தின் அளவு மாறிய நாள்களிலும் உளியைத் தொடாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து: மரத்தூள்

உளியின் கூர்மையை எல்லோரும் அஞ்சுகிறோம். தூளை யாரும் அஞ்சுவதில்லை. கூரான உளி சுருள் சுருளாகச் சீவலைத் தள்ளும். அது பெரும்பாலும் தரையில் விழுந்துவிடும். உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் நுண்தூள்தான் நெடுநேரம் காற்றில் மிதந்து மூச்சுக்குழாய்களுக்குள் செல்கிறது. உலக நலவாழ்வு அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்துள்ளது. மூக்கின் உட்பகுதியும் அதை ஒட்டிய எலும்பறைகளும் இதனால் பாதிக்கப்படுகின்றன. பல்லாண்டு தூளில் உழைத்தவர்களைப் பற்றிய முடிவு அது. வாரத்தில் ஓரிரு மணி நேரம் கடைபவர் அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் கவசமின்றி நிற்கவும் கூடாது.

ஆஸ்துமாவும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் உள்ளவர்களுக்குத் தூள் உடனடித் தொல்லை தரும். தேக்கும் ஈட்டியும் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். பூஞ்சை படர்ந்த மரத்தில் அழகிய கருங்கோடுகள் ஓடும்; கடைசல்காரர்கள் அதை விரும்பி வாங்குவதுண்டு. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களும் கீமோதெரபி பெறுபவர்களும் அத்தகைய மரத்தைத் தொடவே கூடாது. அதன் தூளோடு பூஞ்சை வித்துகள் நுரையீரலுக்குள் சென்றால், எதிர்ப்பாற்றல் குன்றிய உடலால் அவற்றை வெல்ல இயலாமற்போகலாம்.

எனவே என்95 முகக்கவசம் அணியுங்கள். முகத்தை மறைக்கும் கண்ணாடித் திரை பறக்கும் துண்டுகளைத் தடுக்கும், தூளைத் தடுக்காது. இரண்டும் வேண்டும். நோயாளி உறங்கும் அறையில் லேத் இருக்கலாகாது. வேலை முடிந்ததும் விளக்குமாற்றால் பெருக்கித் தூளைக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். உடையை மாற்றிய பின்னரே வீட்டினுள் செல்லுங்கள்.

முதல் பாடங்கள்

கடைசலை நூலிலிருந்து மட்டும் கற்க இயலாது. கடைசல் பட்டறையில் அனுபவமுள்ள ஒருவரை அண்டி, முதல் சில நாள்கள் அவர் அருகில் நின்று கற்பதே முறை. அதற்கு முன் அறிய வேண்டியவை இவை.

1. *உடை.* முழுக்கையை மடித்துவிடுங்கள். முந்தானை, துப்பட்டா, தொங்கும் சங்கிலி, கழுத்துக் கயிறு, வளையல், மோதிரம், அவிழ்ந்த கூந்தல் ஆகிய எதுவும் சுழலும் மரத்தின் அருகே தொங்கக் கூடாது. தாலியைக் கழற்ற விரும்பாதவர்கள் அதை உடைக்குள் இட்டு மேலே பொத்தானிட்ட சட்டை அணியலாம். கையுறை பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள். அதன் நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

2. *உயரம்.* மரம் சுழலும் அச்சு உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். தாழ்வாக இருந்தால் முதுகு வலிக்கும். உயர்ந்திருந்தால் தோள் சோர்ந்துவிடும்.

3. *விளக்கு.* பழைய வகைச் சோக் பொருத்திய டியூப் லைட் ஒன்றின் ஒளியில் மட்டும் வேலை செய்யாதீர்கள். அதன் கண்ணுக்குப் புலப்படாத துடிப்பினால், சுழலும் மரம் சில வேகங்களில் நின்றுவிட்டதுபோல் தோன்றும்.

4. *மரம்.* வெடிப்பும் முடிச்சும் ஆணியும் இல்லாத, ஒரு சாண் நீளமும் இரண்டு அங்குலத் தடிமனும் உள்ள கட்டையில் தொடங்குங்கள். இரு முனைகளிலும் பிடித்துச் சுழற்றும் இத்தகைய கட்டைதான் புதியவருக்கு ஏற்றது. கிண்ணம் கடைவதைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.

5. *கையால் ஒரு சுற்று.* உளி தாங்கியை மரத்துக்கு மிக அருகில், கால் அங்குல இடைவெளிக்குள் வையுங்கள். மின்சாரத்தைத் தரும் முன் மரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள்; எங்கும் இடிக்கலாகாது.

6. *வேகம்.* மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து, நிமிடத்துக்கான சுற்று எண்ணிக்கையோடு பெருக்கினால் 6,000 முதல் 9,000 வரை வர வேண்டும் என்பது கடைசல்காரர்களின் கணக்கு. அதன்படி இரண்டு அங்குல உருளைக்கு 3,000 முதல் 4,500 சுற்றுகளும், பத்து அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900 சுற்றுகளும் பொருந்தும். இவை மேல் எல்லைகள் என்று கொள்ளுங்கள். மரம் சதுரமாக இருக்கும் வரை மிகக் குறைந்த வேகமே போதும். விசையைப் போடும்போது மரத்துக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

7. *உளி.* முதலில் தாங்கி, அடுத்து முதுகு, பிறகு வாய் என்ற வரிசையை மறவாதீர்கள். உளியை முதலில் தாங்கியின்மேல் அழுத்தி வையுங்கள். அடுத்து, தீட்டிய பகுதியின் முதுகு மரத்தின்மேல் உராயட்டும். அப்போது மரம் வெட்டுப்படாது. பிறகு பிடியை மெல்ல உயர்த்தினால் வாய் மரத்தைச் சீவத் தொடங்கும். இவ்வரிசை மாறி வாய் முதலில் மரத்தைத் தொட்டால் உளி கவ்விப் பிடுங்கப்படும். மழுங்கிய உளியை அழுத்தித்தான் வேலை வாங்க முடியும்; கூரான உளியைவிட அதுவே ஆபத்தானது.

8. *தேய்ப்பு.* உப்புத்தாளால் தேய்க்கும் முன் உளி தாங்கியை அகற்றிவிடுங்கள். மெருகு எண்ணெயைத் துணியில் நனைத்து விரலில் சுற்றிப் பிடிக்காதீர்கள். எளிதில் கிழியும் காகிதத்தைப் பயன்படுத்துங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்ததைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்துங்கள், அல்லது நீரில் போடுங்கள்.

தொடக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் நிற்க வேண்டாம். களைப்பு வந்த பின் செய்யும் ‘இன்னும் ஒரே ஒரு சீவல்’ பல காயங்களுக்குக் காரணம்.

காயம் ஏற்பட்டால்

முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். வெட்டுப்பட்ட இடத்தைத் தூய துணியால் நேராக அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். பத்து நிமிடங்கள் வரை துணியை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். இரத்தம் நிற்காவிட்டால் அழுத்தியபடியே மருத்துவமனைக்கு வாருங்கள். கண்ணில் சிராய் குத்தினால் கசக்கவோ பிடுங்கவோ கூடாது. கண்ணை அழுத்தாதவாறு ஒரு சிறு கிண்ணத்தால் மூடி அழைத்து வாருங்கள். இரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்து எடுப்பவரின் தலையில் மரத்துண்டு பட்டால், வெளியில் காயம் இல்லாவிட்டாலும் உடனே பரிசோதனை வேண்டும். உள்ளே கசியும் இரத்தம் சில மணி நேரம் கழித்தே அறிகுறி காட்டும். அவசர ஊர்திக்கு 108. டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போடப்பட்டது என்பதை உளி வாங்கும் முன்பே அறிந்து வைத்திருங்கள்.

உடனிருப்போருக்கு

உங்கள் அச்சத்தை நாங்கள் அறிவோம். இரவெல்லாம் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அமர்ந்திருந்தவர்கள் நீங்கள். ‘வேண்டாம்’ என்னும் சொல் உங்கள் அன்பிலிருந்து வருகிறது. ஆயினும் எல்லாவற்றுக்கும் ‘வேண்டாம்’ என்று கேட்டவர், உங்களுக்குத் தெரியாமல் செய்யத் தொடங்குவார். மறைவில் தனியே செய்வதைவிட, நீங்கள் அறிய, நீங்கள் வீட்டில் உள்ளபோது செய்வதே மேல். மோட்டாரை நிறுத்தும் விசை எங்குள்ளது என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் கடையும்போது பின்னால் சென்று தோளைத் தொடாதீர்கள்; உரக்கக் கூப்பிடாதீர்கள். அவர் கண்ணில் படும் இடத்தில் நின்று, உளி மரத்தை விட்டு விலகும் வரை காத்திருங்கள். குழந்தைகள் அறைக்கு வெளியே இருக்கட்டும்.

முதலில் குறிப்பிட்ட தம்பதியர் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். இரண்டு மருந்துகளும் தொடரும் காலம் முடியும் வரை லேத் வாங்குவதில்லை. அதுவரை மருத்துவரின் இசைவுடன், பிறர் கடைந்து தந்த பொருள்களைத் திறந்த முற்றத்தில் முகக்கவசத்துடன் கையால் தேய்ப்பதும், அரக்குப் பூச்சைக் கற்பதும் அவர் பங்கு. அண்மையில் அவர்கள் மீண்டும் வந்தனர். மாத்திரை ஒன்றாகக் குறைந்திருந்தது. அவர் கையில் ஒரு சப்பாத்திக் கட்டை இருந்தது. பட்டறையில் ஆசானின் அருகே நின்று கடைந்ததாம். ஒரு முனை மற்றதைவிடச் சற்றுத் தடித்திருந்தது. “சப்பாத்தி ஒரு பக்கம் மெல்லிசாகத்தான் வருகிறது, இருந்தாலும் இதில்தான் தேய்க்கிறேன்” என்றார் மனைவி. லேத் வாங்குவது குறித்து இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

இப்பக்கத்தை வெட்டி மருத்துவக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம்.

- நான் உட்கொள்ளும் மருந்துகளில் இரத்தப்போக்கையோ தூக்கத்தையோ மிகுவிப்பவை எவை?
- எவ்வளவு நேரம் நிற்கலாம்? எவ்வளவு பாரம் தூக்கலாம்?
- என் நுரையீரலும் எதிர்ப்பாற்றலும் மரத்தூளைத் தாங்குமா?
- என் பார்வை, கைப்பிடி, விரல் உணர்ச்சி ஆகியவற்றைச் செயல்வழிச் சிகிச்சையாளர் பரிசோதிக்க வேண்டுமா?
- இப்போது இயலாது எனில், மீண்டும் எப்போது கேட்கலாம்?

இறுதிக் கேள்வியை மறவாமல் கேளுங்கள். ‘இப்போது கூடாது’ என்று நாங்கள் சொன்னால், அதற்கு ‘என்றுமே கூடாது’ என்று பொருளில்லை.